சின்ன மில் லைனில் மழைக் கூட்டம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது. ஒன்று, என் தங்கை போன பிறகு இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தது. ஐந்தும் படித்தது. நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் எழுத்துக் கூட்டி எழுதுவேன். மெதுவாக எழுதுவேன், அவ்வளவுதான். என் பெயர் ஆவுடையம்மாள். போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, மூத்த மகள் கோமதியோடு விக்கிரமசிங்கபுரம் போய் வந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று தெருவில் ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல மூச்சு இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

விக்கிரமசிங்கபுரம் என்றதும் எல்லோருக்கும் பெரிய மில்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது அது இல்லை. அதற்கு இப்புறம், கால்வாயை ஒட்டி ஒரு சின்ன நூல் மில் இருந்தது. சின்ன மில் என்றே எல்லோரும் சொல்வோம். அதில் நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன். என் கை வேகத்துக்கு அங்கே இன்னொரு கை இருந்ததில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. அந்த மில் மூடி வெகுகாலம் ஆகிறது. தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. என் வீடும் அங்கே பூட்டிக் கிடக்கிறது.

கோமதி சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் நகரமைப்புப் பேராசிரியை. நகரமைப்பு என்றால் வீடு கட்டிக் கொடுப்பது இல்லை. ஒரு ஊரில் தெரு எங்கே ஓட வேண்டும், தண்ணீர் எங்கே ஓட வேண்டும், பிள்ளைகள் எங்கே ஓடி விளையாட வேண்டும் என்று யோசிக்கிற வேலை. அதிலும் அவள் பிடித்துக்கொண்டது ஒரே விஷயம். ஆலையோ சுரங்கமோ மூடிப் போன ஊரில், மூடின பிறகு சனங்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், அவர்கள் இன்னும் நன்றாக இருக்க என்ன செய்யலாம் என்பது. அதற்காக பம்பாய் போனாள், ஜெர்மனி போனாள், இங்கிலாந்தில் நம்மைப் போலவே நூல் நூற்ற ஊர்களுக்கும் போனாள். அங்கே பழைய மில்லுக்குள் பள்ளிக்கூடம் நடக்கிறதாம். படம் காட்டினாள். தூணும் ஜன்னலும் எங்கள் மில்லைப் போலவே இருந்தன.

இத்தனை ஊருக்குப் போனவள், பிறந்த ஊருக்கு மட்டும் வேலையாக வந்ததில்லை. பொங்கலுக்கு வருவாள், கரும்பு தின்பாள், போய்விடுவாள். போன வருஷம்தான் முதல் முறையாக லைனுக்கு வந்து வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு திட்டம் போட்டாள். அது என்ன திட்டம் என்று போகப் போகச் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்கு வண்ணார்பேட்டையில் என் மகன் வீட்டிலிருந்து கிளம்பினோம். மகன் கார் பிடித்துத் தருகிறேன் என்றான். கோமதி வேண்டாம் என்றாள்; காரில் போய் இறங்கினால் லைனில் அன்றைக்கு நடக்க இருந்த கூட்டத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்களாம். ஜங்ஷன் வரைக்கும் ஆட்டோ நூறு ரூபாய். அங்கிருந்து செங்கோட்டை பாசஞ்சரில் அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் ஆளுக்குப் பத்து ரூபாய். நூறு ரூபாய் கொடுத்து இரண்டு மைல், பத்து ரூபாய் கொடுத்து இருபது மைல். இந்தக் கணக்கை எந்தப் பேராசிரியையும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை.

ஜன்னல் ஓரம் எனக்கு. பேட்டை தாண்டியதும் காற்று மாறியது. சேரன்மகாதேவிப் பாலத்தில் ரயில் ஏறும்போது ஆறு இரண்டு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் வயலில் பிசானப் பருவத்து நெல் நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்க, வரப்பில் ஒருத்தர் குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். எல்லா வேலைக்கும் குடை பிடிக்க ஒருத்தர் வந்துவிடுகிறார்.

எதிரே ஒரு பூக்காரம்மா, பிச்சிப்பூக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோமதி கையில் சுருட்டி வைத்திருந்த பெரிய காகிதத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள், காருகுறிச்சியில் பொறுக்க முடியாமல் என்னிடம் கேட்டாள்.

"மக என்ன சோலி பாக்குதா?"

"மூடிப்போன மில்லு ஊரை எல்லாம் நேராக்குத சோலி."

"அப்போ மில்லத் தொறந்துருவாகளோ?"

"மில்லு தொறக்காது தாயி. மில்லு போச்சுன்னு ஊரும் போயிரக் கூடாதுல்லா. அதுக்கு."

"எங்க ஊருலயும் ஒரு ரைஸ் மில்லு மூடிக் கெடக்கு. உள்ள சாரப்பாம்பு குடும்பம் நடத்துது. அதையும் நேராக்குவாகளான்னு கேளுங்க" என்றாள். கோமதி சிரித்துக்கொண்டே எந்த ஊர் என்று விசாரித்தாள். அவளுக்கு இதெல்லாம் வேடிக்கைப் பேச்சு இல்லை. கல்லிடைக்குறிச்சியில் பூக்காரம்மா இறங்கும்போது என் தலையில் ஒரு கண்ணி பூவைச் செருகிவிட்டு, காசு வேண்டாம் என்று சொல்லிப் போனாள்.

அதன் பிறகு கோமதி அந்தக் காகிதத்தை விரிப்பதும் சுருட்டுவதுமாக வந்தாள். நான் அவள் முழங்காலைத் தட்டினேன்.

"என்னட்டி, பரிச்சைக்குப் போறவ மாதிரி இருக்கே?"

"எம்மா, ஜெர்மனியில திட்டம் பிசகினா நான் விமானம் ஏறி வந்துருவேன். இங்கன பிசகினா பொங்கலுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்?"

"அப்போ எதுக்கு வாரே?"

"அடுத்த வருசம் ரிட்டயர்டு. இப்போ வரலைன்னா பெறகு எப்பவும் வர மாட்டேன்."

ஊர் ஊராகப் போய்ச் சனங்களுக்கு வழி சொன்னவள், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கும் தன் ஊருக்குப் பயப்படுகிறாளே என்று நினைத்தேன்.

எட்டேகால் இருக்கும், அம்பாசமுத்திரம். நிலையத்துக்கு வெளியே ஒரு கடையில் ஆளுக்கு நாலு இட்லி சாப்பிட்டோம். இட்லி பத்து ரூபாய், சாம்பாரில் முருங்கைக்காய் இருந்தது. விக்கிரமசிங்கபுரத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு இல்லை. படிக்கட்டில் நான் காலை எடுத்து வைப்பதற்குள் கண்டக்டர், "ஆச்சி, பைய ஏறுங்க, பைய" என்று கையை நீட்டினார்.

"யாருக்கு வே ஆச்சி? ஒமக்குத் தல நரைச்சு எத்தன வருசம் ஆச்சு?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் அந்த மனுஷர் எனக்கு உட்கார இடம் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் விசில் ஊதினார்.

இறங்கியபோது மலை தலைக்கு மேலே நின்றது. பாதி மலைக்கு மேகம் போர்த்தியிருந்தது. லைனுக்கு ஆட்டோக்காரர் எண்பது கேட்டார், அறுபதுக்கு வந்தார். போகும்போது அவராகவே பேச ஆரம்பித்தார்.

"சின்ன மில் லைனுல இன்னைக்குக் கூட்டமாம்லா. மெட்ராஸ்ல இருந்து ஒரு டாக்டரம்மா வருதாகளாம். வீட்ட எல்லாம் இடிக்கணும்னு சொல்லுதாகளாம்."

"யாரு சொன்னா?" என்று கோமதி கேட்டாள்.

"ஊரே சொல்லுதே. மைதீன் அண்ணாச்சி கடையில வேற பேச்சே இல்ல."

"அந்த டாக்டரம்மா நாந்தான் அண்ணாச்சி."

வண்டி ஒரு தரம் குலுங்கி நேரானது. கொஞ்ச தூரம் போன பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். "அப்போ நீங்க வைத்தியம் பாக்குத டாக்டர் இல்லியா? எங்க அம்மைக்கு முட்டு வலி, காட்டிட்டுப் போலாம்னு நெனச்சேன்."

இனி திட்டத்தைச் சொல்ல வேண்டும். லைன் என்பது ஒரே வரிசையில் முப்பது வீடு. வீடுகளுக்குப் பின்னால், அந்தக் காலத்தில் ஒரு தள்ளுவண்டிப் பாதை இருந்தது. ரோட்டிலிருந்து பஞ்சு மூட்டைகளை அந்த வழியாகத்தான் குடோனுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். மில் மூடுவதற்கு ரொம்ப முன்பே அந்த வண்டி நின்றுபோனது. பாதை சும்மா கிடந்தது. ஒருத்தர் குளியலறை கட்டினார், ஒருத்தர் மாட்டுக்குக் கொட்டகை போட்டார், இப்படி முப்பது வீடும் பின்னால் பத்தடி வளர்ந்து, பாதையே இல்லாமல் போய்விட்டது. வீடுகளுக்கு முன்னால் ஆள் நடக்கிற சந்துதான். இன்றைக்கு லைனில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓட வேண்டும்.

குடோன் மட்டும் இன்னும் கல்லாக நிற்கிறது. கோமதி அதைத்தான் பிடித்தாள். லைனில் இருக்கும் இளம் பெண்கள் எல்லாம் விடியுமுன் வேன் ஏறித் தூரத்தில் இருக்கிற ஒரு தையல் கம்பெனிக்குப் போய், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புகிறார்கள். அந்தத் தையல் வேலையைக் குடோனுக்கே கொண்டு வரலாம், ஒரு பக்கம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் விடலாம் என்பது திட்டம். குடோனுக்குச் சொந்தக்காரர்களான மில் முதலாளியின் பிள்ளைகளும் சம்மதித்தார்கள். லைன் சனங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால் குடோனை அவர்களுக்கே விட்டுவிடுவதாகவும், இல்லையென்றால் தைக்குள் வெளியாளுக்கு விற்றுவிடுவதாகவும் சொல்லிவிட்டார்கள். நகராட்சியும் சரி என்றது, ஒரே ஒரு நிபந்தனையோடு. தீயணைப்பு வண்டி போக வழியில்லாத கட்டடத்தில் அத்தனை பெண்களை உட்கார வைக்க அனுமதி கிடையாது. பழைய பாதை திறக்க வேண்டும். அதாவது, முப்பது வீடும் ஆளுக்குப் பத்தடி இடித்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் அன்றைக்குக் கூட்டம்.

பாதை தொடங்குகிற இடத்தில், ரோட்டு மேலேயே மைதீன் அண்ணாச்சி டீக்கடை. மில்லில் எங்களுக்கெல்லாம் மேஸ்திரியாக இருந்தவர். எண்பது வயதிலும் முதுகு வளையவில்லை. நாங்கள் ஆட்டோவை விட்டு இறங்கினதும், கோமதி போய், "அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?" என்று கேட்டாள். அவர் சுவரில் தொங்குகிற காலண்டரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆவுடை, வந்திட்டியா? ஒனக்கு டீ உண்டு. ஒக்காரு. இன்னும் கொஞ்ச நாள் போனா கடையே இருக்காதாம்லா, இப்பவே குடிச்சிக்கோ."

"நீரு ஆத்துன டீயக் குடிக்கதுக்கு நான் கால்வாத் தண்ணியக் குடிப்பேன்" என்றேன். எங்களுக்குள் பழைய பேச்சு இது. வழக்கமாகச் சிரிப்பார். அன்றைக்குச் சிரிக்கவில்லை. டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கோமதிக்கு வைக்கவில்லை. நான் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடம் தள்ளினேன். பன்னிரண்டு ரூபாயை மேசை மேல் வைத்துவிட்டு எழுந்தோம்.

மத்தியானச் சாப்பாடு பேச்சியம்மாள் வீட்டில். ரீலிங்கில் எனக்குப் பக்கத்து மெஷின்காரி. உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் செய்திருந்தாள். கோமதி கை கழுவப் போன நேரம் பார்த்து என் காதருகே வந்தாள்.

"ஏளா ஆவுடை, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாத. ஒம் மக போட்ட படத்துல அண்ணாச்சி கட முதல்ல இடிபடுது. பெறகு ஒவ்வொண்ணா வந்து, கடைசி வீடு எது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாதையின் அந்தத் தலையில், குடோனை ஒட்டி இருப்பது என் வீடு. பின்னால் பத்தடி வளர்ந்து நிற்பது என் அடுக்களை.

"அதான் பேச்சு. 'பாதி தூரம் இடிச்சதும் திட்டம் நின்னு போவும். அம்மைக்காரி அடுக்களை மட்டும் அப்படியே இருக்கும்'னு அண்ணாச்சி சொல்லுதாரு. சனம் நம்பிட்டு."

"எம் மக அப்படிச் செய்வாளா?"

"எனக்குத் தெரியும்ளா. சனத்துக்கு யாரு சொல்ல?"

சாப்பிட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு தனியே என் வீட்டுக்குப் போனேன். அடுக்களைக் கதவைத் திறந்தேன். அந்த அடுக்களையை என் வீட்டுக்காரர் கட்டவில்லை. போனஸ் காசில் நான் கட்டினது. வீட்டுக்குள்ளே அடுப்பு எரிந்தால் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டுத் தூங்குகிற மனுஷருக்குப் புகை ஆகாது என்று பின்னால் தள்ளிக் கட்டினேன். சிமெண்ட் குழைக்கும்போது நானும் சட்டி சுமந்தேன். சுவரில் இப்போதும் வெடிப்பு இல்லை. கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. பூட்டிக்கொண்டு குடோனுக்கு நடந்தேன்.

மூன்று மணிக்குக் கூட்டம். குடோனில் பாய் விரித்து அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நகராட்சியிலிருந்து வந்த பொறியாளர் அம்மா, பக்கத்தில் கோமதி, சுவரில் அந்தப் பெரிய படம். மைதீன் அண்ணாச்சி உட்காராமல் தூணில் சாய்ந்து நின்றார். பொறியாளர் அம்மா மைக்கில் பேசினார். கோமதி பேச எழுந்ததும் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "ஏற்கெனவே படம் வரைஞ்சாச்சு, பெறகு என்னத்தப் பேச?" என்றார் ஒருத்தர். "மெட்ராஸ்ல போயி ஒங்க வீட்ட இடிங்க" என்றார் இன்னொருத்தர். கோமதி பேசப் பேச, அவள் குரலுக்கு மேலே அவர்கள் குரல் ஏறியது. அண்ணாச்சி அவள் முகத்தையே பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் மழை இறங்கியது. மலையிலிருந்து இறங்குகிற ஐப்பசி மழை. தூறல், சாரல் என்று ஒன்றும் கிடையாது. தகரக் கூரையில் ஒரே அடியாக விழுந்தது. கரண்ட் போனது. மைக் போனது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. பொறியாளர் அம்மா காகிதங்களை எல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு, கூட்டத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கையைக் காட்டினார்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நூல் மில்லுக்குள் மெஷின் ஓடும்போது காது கேட்காது. எட்டு மணி நேரமும் அந்தச் சத்தம்தான். அதனால் மில்லுக்காரர்கள் எல்லோரும் உதட்டாலும் கையாலும் பேசுவோம். உதட்டை நன்றாகத் திறந்து மூடி, விரலால் ஜாடை சேர்த்துப் பேசினால், இருபது மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளுக்கும் புரியும். சண்டை போட்டிருக்கிறோம், பெண் பார்த்திருக்கிறோம், ஸ்டிரைக்கே பேசி முடித்திருக்கிறோம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜாடைப் பெயர் உண்டு. மேஸ்திரி அண்ணாச்சிக்கு, இடுப்பில் சாவிக்கொத்தைத் தட்டுவது போல இரண்டு தட்டு. இந்தப் பேச்சில் ஒரே ஒரு சங்கடம், யாரோடு பேசுகிறோமோ அவர் முகத்தைப் பார்க்காமல் பேச முடியாது.

மழைச் சத்தத்துக்குள் லைன் சனம் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கைகள் பறந்தன. அதைப் பார்த்த கோமதி பேப்பரைக் கீழே வைத்தாள். நடுவில் வந்து நின்று, அண்ணாச்சியைப் பார்த்து, இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. அண்ணாச்சியும் திரும்பினார். சின்ன வயதில் மத்தியானம் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுவந்து மில் வாசலில் நின்ற பிள்ளை அவள். வீட்டிலும் எங்களுக்கு இந்தப் பேச்சுத்தான் வரும். அவள் அதில்தான் வளர்ந்தாள். அண்ணாச்சி கையில் தூக்குச்சட்டி தொங்குவது போல ஆட்டினார். அது கோமதியின் ஜாடைப் பெயர். அவர் மறக்கவில்லை.

அப்புறம் கோமதி பேசினாள். உதட்டால்தான். குடோனில் இருட்டு விழுந்திருந்தது, ஆனாலும் வாசல் வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. நான் ஒரு வார்த்தை விடாமல் பார்த்தேன்.

"நான் எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன். மில்லு மூடின ஊரு, சுரங்கம் மூடின ஊரு. அங்க எல்லாம் சனங்க என்கிட்ட ஒண்ணுதான் கேட்டாக. நாளைக்கும் வருவியான்னு. வருவேன்னு சொன்னேன். பாதி ஊருக்குப் பெறகு போகவே இல்ல. இங்கன என்னால அப்படித் தப்பிக்க முடியாது. எங்க அம்மை வீடு இங்கன இருக்கு. பிசகிப் போச்சுன்னா, நீங்க என்னத் தெருவுல நிறுத்தி வச்சுக் கேக்கலாம். கேளுங்க. அதுக்குத்தான் இங்கன வந்தேன்."

அண்ணாச்சி தூணை விட்டு வந்தார். சுவரில் இருந்த படத்தைக் காட்டி, அவரும் உதட்டால் கேட்டார். "எங் கட முதல்ல. ஒங்க அம்மை அடுக்களை கடைசி. ஏன்?"

"இடிக்க வார ஜேசிபி ரோட்டுல இருந்துதான உள்ள வர முடியும். அதான் அப்படிப் போட்டேன்." கோமதி நிறுத்தினாள். நெற்றியில் கையை வைத்தாள். "ஜேசிபியப் பத்தி நெனச்சேன் அண்ணாச்சி. ஒங்களப் பத்தி நெனைக்கல."

மழை இன்னும் வலுத்தது. அண்ணாச்சி இரண்டு கையையும் அகல விரித்து, இரண்டு பக்கமும் இருந்து நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

மில்லுக்காரர் அத்தனை பேருக்கும் அது புரிந்தது. மெஷினில் நூல் சுற்றி நிறைந்த பாபின்களை எடுத்துவிட்டு வெறும் பாபின்களை மாட்டுவதற்கு டாஃப் எடுப்பது என்று பெயர். ஒரு தலையிலிருந்து தொடங்க மாட்டார்கள். இரண்டு தலையிலும் ஆள் நின்று ஒரே நேரத்தில் தொடங்கி, நடுவில் வந்து சேருவார்கள். முதலில் செய்தவன் ஏமாளி, கடைசியில் செய்தவன் கெட்டிக்காரன் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பாதையையும் அப்படியே எடுப்போம் என்கிறார் அண்ணாச்சி. ஒரே நாளில், கடப்பாரையால், இரண்டு தலையிலும். ஒரு தலையில் அவர் கடை.

மறு தலை யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. கோமதி முகமும் திரும்பியது. அவள் கண்ணில் கேள்வி இல்லை. நீ வேண்டாம் என்றால் நான் கேட்க மாட்டேன் என்றுதான் இருந்தது.

சட்டி சுமந்த தோளுக்கு அந்தச் சுவரின் கனம் தெரியும். ஐந்து பேருக்கும் பொங்கிப் போட்ட இடம். என் பேரில் இந்தப் பூமியில் நான் எழுப்பின சுவர் அது ஒன்றுதான். மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி கையைக் கீழே போடாமல் நின்றார்.

எழுந்து நின்றேன். இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டி அவரைக் கூப்பிட்டேன். "நீரு கடையில நில்லும். நான் அடுக்களையில நிக்கேன். பிந்துனா ஒம்ம கடையவும் நானே வந்து இடிப்பேன்" என்று உதட்டை நன்றாகத் திறந்து சொன்னேன்.

அவர் சிரித்தார். பல் ஒன்றிரண்டுதான் இருக்கிறது, எல்லாம் தெரியச் சிரித்தார். பிறகு ஒவ்வொரு வீடாகக் கை எழுந்தது. பேச்சியம்மாள் இரண்டு கையையும் தூக்கினாள். ஒரு வீட்டுக்கு ஒரு கைதான் என்று பக்கத்தில் இருந்தவள் அதில் ஒன்றைப் பிடித்து இறக்கினாள். மாட்டுக் கொட்டகைக்காரர்தான் கடைசி. மாடு எங்கே நிற்கும் என்று கேட்டார். குடோன் மேற்குச் சுவர் ஓரம் கொட்டகை போட்டுத் தருவதாகக் கோமதி கையால் வரைந்து காட்டினாள். அவரும் தூக்கினார்.

அதன் பிறகுதான் மழை விட்டது. சத்தம் நின்றதும், ஒருத்தரும் பேசாத ஒரு குடோனில் முப்பது கைகள் தூக்கியபடி நின்றன. பொறியாளர் அம்மா எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, மழை விட்டாச்சு. கூட்டத்தை ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார்.

"கூட்டம் முடிஞ்சிட்டும்மா" என்றார் அண்ணாச்சி. "தை பொறந்ததும் இடிக்கோம். உங்க படத்துல மட்டும் ஒண்ணு மாத்தணும். ரெண்டு தலையில இருந்தும்னு எழுதிக்கோங்க." அந்த அம்மா கோமதியைப் பார்த்தார். கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். அண்ணாச்சி கடையில் கோமதிக்கு டீ வந்தது. காசு கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். சும்மா கொடுக்கிற ஆள் இல்லை அவர். "ஏளா கோமதி, பொங்கலுக்கு வருவேல்லா?" என்று மட்டும் கேட்டார். "பொங்கலுக்கு முன்னயே வருவேன் அண்ணாச்சி, ஒங்க கடைக்கு மாத்து எடம் பாக்கணும்லா" என்றாள்.

திரும்பும்போது நேரே திருநெல்வேலி பஸ். கல்லிடைக்குறிச்சி தாண்டும் முன்பே கோமதி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஐம்பத்தெட்டு வயதுப் பேராசிரியை, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நான் எழுப்பவில்லை.

வண்ணார்பேட்டையில் இறங்கி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது இதை யோசித்தேன். இங்கே எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அரை அடிச் சுவருக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வீட்டிலும் படித்தவர்கள்தான், நல்லவர்கள்தான். ஆனால் சேர்ந்து ஒரு வேலையும் செய்ததில்லை. லைனில் மில் போய்விட்டது, கூலி போய்விட்டது. சேர்ந்து வேலை செய்த பழக்கம் மட்டும் போகவில்லை. அது கையில் இருந்தது, உதட்டில் இருந்தது. கோமதி இத்தனை வருஷம் ஊர் ஊராகப் போய்த் தேடினது இதைத்தானோ என்னவோ. அவளிடம் இன்னும் கேட்கவில்லை. தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கடப்பாரை என் மகன் வாங்கி வைத்துவிட்டான். முதல் அடி என்னுடையது. மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்.

எழுதினது இவ்வளவுதான். பக்கத்தில் என் மகன் வயிற்றுப் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். ஏட்டி நித்யா, அந்த செல்போனைக் கீழே வை. இதை ஒருதரம் எனக்கு வாசித்துக் காட்டு. பிழை இருந்தால் இருக்கட்டும், நிறுத்தாமல் வாசி. உன் அத்தை குடோனில் நின்று பேசின இடம் வரும்போது மட்டும் நல்ல சத்தமாக வாசி. அன்றைக்கு அந்த மழையில் அவள் பேசினதை நான் பார்த்தேன். இன்னும் காதால் கேட்கவில்லை.